அரை வாட் போதும்

வாக்கி-டாக்கி விற்கும் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பவை இரண்டு எண்கள்: எத்தனை கிலோமீட்டர் எட்டும், எத்தனை வாட் சக்தி. வாங்குகிறவரும் இந்த இரண்டையும் விலையோடு வைத்துத்தான் பார்க்கிறார். முறையான அரை வாட் செட்டைவிட ஐந்து வாட் சீன செட் மலிவாகக் கிடைக்கிறது என்றால் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிறது பென்னலூர். அங்கிருந்து ஒரகடம் வரை பரவிய தொழிற்சாலைப் பகுதியில் வசிக்கும் ஒருவர் இந்தக் கணக்கில் வாங்கினால், வைத்திருக்கவே அனுமதி இல்லாத பொருளுக்குக் காசு கொடுத்திருப்பார், எதிர்பார்த்த தூரமும் கிடைத்திருக்காது. கேட்க வேண்டிய வரிசை வேறு. இந்த அலைவரிசையில் பேச எனக்கு உரிமை உண்டா? நடுவில் எது மறைக்கிறது? எந்த உயரத்தில் நின்று பேசப்போகிறேன்? வாட் கணக்கு இவற்றுக்கெல்லாம் பிறகு. அப்படிக் கேட்டுக்கொண்டே போனால், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பெரும்பாலோருக்கு 446 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அரை வாட் செட்டே சரியானது என்ற முடிவுக்குத்தான் வர முடியும். அது போதாதவர் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோத் தேர்வு எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் செட், லைசென்ஸ் இல்லாத எவருக்கும் ஏற்றதில்லை.

கைபேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். நியாயமான கேள்விதான், பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை, தேவையில்லை என்பதே. இரண்டு பேர் பேசிக்கொள்ள வாக்கி-டாக்கி எந்த விதத்திலும் கைபேசிக்கு ஈடாகாது. அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். எண் தேட வேண்டியதில்லை, மணி அடித்து யாராவது எடுப்பார்களா என்று காத்திருக்க வேண்டியதில்லை. சித்திரையில் ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் உற்சவத்துக்குத் தெருவில் நிற்கும் தொண்டர்கள், பெங்களூருக்கு நாலைந்து காரில் கிளம்பும் கல்யாணக் கூட்டம், கல்லூரி விழாவில் மேடைக்கும் வாசலுக்கும் ஓடும் மாணவர்கள், விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பும் குழு என இவர்களுக்கெல்லாம் அந்த ஒரு பட்டன் உண்மையான வசதி. இன்னொன்று, டவர் விழும் நாள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டபோது, மின்சாரம் போய், டவர்களின் மாற்று மின்சாரமும் தீர்ந்து, சென்னையின் பல பகுதிகளில் கைபேசி வெறும் கடிகாரமாகிப் போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வர்தா புயலின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே நிலை வந்தது. பத்தாண்டுக்குள் மூன்று முறை என்பது அலட்சியமாகத் தள்ளிவிடும் எண் இல்லை. இந்த இரண்டு தேவைகளில் ஒன்றாவது இருந்தால் மேலே படிக்கலாம்.

உரிமையிலிருந்து தொடங்குவோம். வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. 1980களில் அது ஒழிந்தது. ஆனால் அது கேட்பதற்கான லைசென்ஸ். அனுப்பும் கருவியின் கதை வேறு. 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம், உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும், உரிமமின்றி அனுப்பும் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறைக்கு அதில் இடம் இருந்தது. அதன் இடத்துக்காக இயற்றப்பட்ட 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும், அனுமதியோ விலக்கோ இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பது அபராதத்துக்குரிய மீறலாகவே தொடர்கிறது. இந்த விலக்கு என்ற சொல்லில்தான் சாதாரண மனிதருக்கான வாசல் இருக்கிறது. குறைந்த சக்திக் கருவிகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு துண்டை லைசென்ஸ் தேவையற்றதாக்கின. அதற்கு முன்பே, 2005-இல், 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிட்டிசன் பேண்டு ஐந்து வாட் வரை திறந்துவிடப்பட்டது. விலக்கு என்றால் எந்தக் கருவியும் செல்லும் என்று பொருளில்லை. அந்த மாடலுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ என்ற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இதை விற்பவர்களே மறைத்ததால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அதிர்வெண், ஒப்புதல் உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் வாக்கி-டாக்கியைப் பட்டியலிடக் கூடாது என்று அதே மாதம் வழிகாட்டு நெறிகளும் வந்தன. ஆகவே வாங்குபவர் விளம்பரத்தில் முதலில் தேட வேண்டியவை 446 என்ற எண்ணும் ஈடிஏ சான்றிதழ் எண்ணும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

விளம்பரத்தில் 'லைசென்ஸ் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் எந்த நாட்டில் ஃப்ரீ என்று கேட்டாக வேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் மூலம் வரும் செட்டுகளில் இந்தக் குழப்பம் அதிகம். அமெரிக்காவிலிருந்து மைத்துனர் வாங்கி வரும் ஜோடி பெரும்பாலும் 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். அங்கே 22 சேனலும், அவற்றில் பலவற்றில் இரண்டு வாட் வரையும் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது 476, 477 மெகாஹெர்ட்ஸ், 80 சேனல், ஐந்து வாட். இரண்டும் அந்தந்த ஊரில் முழுக்கச் சட்டப்படியானவை. இங்கே அந்த அதிர்வெண்கள் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டவை. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்தால் அது 446-ஆக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஐரோப்பா முழுவதும் இதே துண்டைத்தான் அரை வாட் எல்லையோடு, கழற்ற முடியாத ஆன்டெனாவோடு அனுமதித்திருக்கிறது. அப்போதும் இந்திய ஒப்புதல் உள்ள மாடல்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பாவோஃபெங் யூவி-5ஆர் போன்ற மலிவு செட்டுகளின் சிக்கல் இதைவிடப் பெரிது. அவை 136 முதல் 174 வரையும், 400-க்கு மேல் 500-ஐ ஒட்டியும் எந்த எண்ணை அழுத்தினாலும் அங்கே போய்ப் பேசும். ஹாம் லைசென்ஸ் உள்ளவர் கையில் அது நல்ல கருவி. மற்றவர் அதை 446-இல் வைத்துப் பேசினாலும் விலக்குக்குள் வராது, ஏனென்றால் சக்தியும் கூடுதல், ஆன்டெனாவும் கழலும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகான விசாரணையில், சதியின் முக்கிய ஆளான சிவராசனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே போன வயர்லெஸ் செய்திகள் எவ்வளவு முக்கியத் தடயமாயின என்பதை அறிந்தவருக்கு, இந்த வட்டாரத்தில் அனுமதியில்லாத வயர்லெஸ் செட்டோடு பிடிபட்டால் போலீஸ் அதை விளையாட்டுச் சாமானாக எடுத்துக்கொள்ளாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி தூரம். பெட்டியில் போட்டிருக்கும் 10 கிலோமீட்டர் பொய் இல்லை, ஆனால் அது மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்கான கணக்கு. இந்த அதிர்வெண்கள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு ஒரு கட்டத்தில் மறைத்துவிடும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்து நிற்கும் இருவருக்கு, நடுவில் ஒரு செடிகூட இல்லாத சமவெளியில், அந்த அடிவானம் சுமார் 10 கிலோமீட்டர். அதுவும் கடைசி எல்லைதான், பேச்சு தெளிவாகக் கேட்கும் தூரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அலைக்குப் பார்வைக் கோடு மட்டும் போதாது, கோட்டைச் சுற்றிலும் காலியிடம் வேண்டும். 446 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டருக்குப் பேச, நடுவழியில் சுமார் 18 மீட்டர் ஆரத்துக்குக் காலியிடம் இருந்தால்தான் அலை தடையில்லாமல் போகிறது என்று சொல்லலாம். நெஞ்சுயரத்தில் பிடித்த செட்டுக்கு அதில் பாதியைத் தரையே தின்றுவிடுகிறது. அதனால் கையில் பிடித்துப் பேசும்போது சிக்னல் தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்கிறது என்பது ரேடியோப் பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் அரை வாட்டிலிருந்து ஐந்து வாட்டுக்குப் போவது, அதாவது சக்தியைப் பத்து மடங்காக்குவது, தூரத்தை 1.8 மடங்குதான் கூட்டும். ஒரு கிலோமீட்டர் எட்டியது இரண்டு கிலோமீட்டர்கூட ஆகாது. அதே அரை வாட் செட்டோடு ஒருவர் மாடி ஏறி 12 மீட்டர் உயரத்தில் நின்றாலோ, அது சக்தியை 64 மடங்கு கூட்டியதற்குச் சமம், தூரம் 2.8 மடங்காகிறது. படிக்கட்டு ஏறுவதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

இதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. கைக்குள் அடங்கிய முதல் ராணுவ ரேடியோ எஸ்சிஆர்-536. பின்னாளில் மோட்டோரோலா என்று பெயர் மாறிய கால்வின் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்தது. அதன் சக்தி 0.36 வாட், தரையில் எட்டிய தூரம் ஏறக்குறைய ஒரு மைல், கடல் நீரின்மேல் மூன்று மைல். நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது அந்த ஒரு மைலை வைத்துக்கொண்டுதான் இறங்கின. சக்தி ஒன்றே எல்லாம் என்று நினைப்பவர் எதிர்த்திசையில் இன்னொரு சான்றையும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்ட விசைப்படகுகளில் விஎச்எஃப் வயர்லெஸ் இருந்தது. ஆனால் ஆழ்கடலில், கரையின் அடிவானத்துக்கு வெகு தூரம் அப்பால் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு மீனவர்கள் கேட்டது செயற்கைக்கோள் வழித் தொடர்பைத்தான், கூடுதல் வாட்டை அல்ல. அவர்களுக்கு விஷயம் அனுபவத்தில் தெரியும்.

பென்னலூர்ப் பக்கம் நிலம் தட்டை. மறைப்பவை மனிதர் கட்டியவை. நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரி, தகடு போட்ட ஷெட், கான்கிரீட் சுற்றுச்சுவர், மேம்பாலத் தூண்கள். இரும்புத் தகட்டை எந்த அதிர்வெண்ணும் துளைக்காது. கதவிடுக்கிலும் ஜன்னலிலும் நுழைந்து போவதில் 446 மெகாஹெர்ட்ஸ் போன்ற யூஎச்எஃப் அலை கெட்டி. அதன் அலைநீளம் 67 சென்டிமீட்டர்தான். 150 மெகாஹெர்ட்ஸ் விஎச்எஃப் அலையின் நீளம் இரண்டு மீட்டர். அது வயல்வெளிக்கும் மரக்கூட்டத்துக்கும் நல்லது, தெருவுக்கும் கட்டடத்துக்கும் அவ்வளவு ஏற்றதில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டில் ஐந்து வாட் அனுமதி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. அங்கே அலைநீளம் 11 மீட்டர். ஒழுங்காக வேலை செய்யக் கால் அலை ஆன்டெனாவே இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும். கையில் பிடிக்கும் செட்டில் ஒரு சாண் ஆன்டெனாவை வைத்தால், அந்த ஐந்து வாட்டில் பெரும்பகுதி செட்டுக்குள்ளேயே வீணாகிவிடும். லாரியின் கூரையில் கம்பு நட்டுப் பேசுவதற்கு அது சரி. பையில் போட்டுக்கொண்டு போவதற்கு இல்லை. 446-இல் கால் அலை 17 சென்டிமீட்டர், கைக்கு ஏற்ற அளவு. இந்தப் பகுதியில் அரை வாட் செட்டிலிருந்து நேர்மையாக எதிர்பார்க்கக்கூடியது, கட்டடங்களுக்கு நடுவே அரை கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர், திறந்த வெளியில் இரண்டு மூன்று கிலோமீட்டர்.

'யார் பிடிக்கப்போகிறார்கள், ஊரில் பாதிப் பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்' என்ற வாதம் வரும். பிடிபடுவதை ஒருபக்கம் தள்ளிவைத்துவிட்டே இதைப் பார்க்கலாம். 1998-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வந்து, இந்த வட்டாரத்தில் காலி அதிர்வெண் என்று ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ள முடியாத நிலை. செக்யூரிட்டி, தீயணைப்பு, கிரேன் என்று ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் லைசென்ஸ் பெற்ற அலைவரிசைகளில் பேச்சு ஓடும். கிரேன் தூக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே நிற்கும் ரிக்கர் செட்டில் 'இறக்கு, இறக்கு, மெதுவா' என்கிறார். கேபினில் இருப்பவருக்குச் சுமை தெரியாது, குரல் மட்டுமே வழிகாட்டி. எஃப்எம் முறையில் இரண்டு சிக்னல் ஒரே அலைவரிசையில் மோதினால் இரண்டும் கலந்து கேட்பதில்லை. வலுவானது மற்றதை அடியோடு அமுக்கிவிடும். சாலையில் போகும் காரிலிருந்து ஒருவர் ஐந்து வாட்டில் அதே எண்ணில் பேசினால், ரிக்கரின் 'நிறுத்து' கேபினுக்குப் போய்ச் சேராது. அதைவிட மோசம், கிரேன்காரர் செட்டில், தன் குழுவின் பேச்சை மட்டும் கேட்கவிடும் டோன் வைத்திருந்தால் அந்நியக் குரலும் கேட்காது, வெறும் அமைதி. எல்லாம் சரியாகப் போகிறது என்று அவர் நினைப்பார். காரில் இருப்பவரும் டோன் வைத்திருந்தால் ரிக்கரின் குரல் அவர் காதில் விழாது. சேனல் காலி என்று நினைத்துத்தான் பேசுகிறார். இருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு விபத்துக்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிடுகிறது. அலைவரிசையை ஒதுக்கித் தருவதும், லைசென்ஸ் இல்லாதவரை ஒரு குறுகிய துண்டுக்குள் அடக்குவதும் அரசின் வீண் கெடுபிடி இல்லை என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். அந்தத் துண்டு இன்னும் தாராளமாக இருக்கலாமா என்றால், இருக்கலாம். அமெரிக்காவின் இரண்டு வாட்டும் ஆஸ்திரேலியாவின் 80 சேனலும் உலகத்தைப் புரட்டிவிடவில்லை. அது டெல்லியில் கேட்க வேண்டிய கோரிக்கை.

ஆபத்துக் காலத்தில் சட்டம் பார்க்க முடியுமா, வெள்ளத்தில் ஐந்து வாட் ஒரு உயிரைக் காப்பாற்றாதா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஆனால் அது ஒரு கற்பனையின்மேல் நிற்கிறது: பட்டனை அழுத்தினால் மறுமுனையில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கற்பனை. போலீஸும் தீயணைப்பும் தங்கள் வலைப்பின்னலில் மட்டுமே பேசுகின்றன. உங்கள் செட்டிலிருந்து 112-ஐ அழைக்க முடியாது. 2015-இல் சென்னையில் உதவிய ஹாம்களை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அவர்களிடம் இருந்தது வாட் மட்டும் இல்லை. உயரத்தில் ஆன்டெனா, பேட்டரி வங்கி, யார் எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் கேட்பது என்ற ஒழுங்கு, சுருக்கமாகச் செய்தி சொல்லும் பழக்கம் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அந்தமானின் செய்திகளை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பயிற்சியால்தான். அந்தத் திறன் வேண்டுமென்றால் கதவு திறந்தே இருக்கிறது. 12 வயது நிரம்பிய எவரும் அமெச்சூர் ரேடியோத் தேர்வு எழுதலாம்; கீழ்நிலைத் தேர்வில் மோர்ஸ்கூட இல்லை. தேறினால் 144 முதல் 146 வரையும் 434 முதல் 438 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸில் பேசலாம், பேச்சை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் எட்டும் இடமென்றால் கைச்செட்டே பல பத்து கிலோமீட்டர் போகும். பென்னலூரிலேயே ஸ்ரீ வேங்கடேசுவரா பொறியியல் கல்லூரி இருக்கிறது; மின்னணுவியல் படிக்கும் மாணவருக்குத் தேர்வின் தொழில்நுட்பப் பகுதி ஒரு வார வேலை. சென்னைக்கு இதில் நீண்ட பரம்பரையும் உண்டு: 1924-இல், ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே பிறக்காத நாளில், சி.வி. கிருஷ்ணசாமி செட்டி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பியிருக்கிறார். ஒரே ஒரு எச்சரிக்கை. ஹாம் அலைவரிசையில் ஹாம்கள் மட்டுமே பேசலாம், வியாபாரம் பேசக் கூடாது. கணவர் தேறி மனைவி தேறாவிட்டால் வீட்டுக்கு அது பயன்படாது; கடைக்கும் வேனுக்கும் வைத்துக்கொள்ள நினைத்தால் அதற்கும் பயன்படாது.

இடையில் புதிதாக ஒரு வகை வந்திருக்கிறது, சிம் போட்டுப் பேசும் வாக்கி-டாக்கி. பார்ப்பதற்கு அச்சு அசலாகச் செட் மாதிரியே இருக்கும், தூரத்துக்கு எல்லையில்லை என்று விளம்பரம் சொல்லும். சொல்வது சரிதான், கைபேசி டவர் இருக்கும் இடமெல்லாம் அது பேசும். ஐந்து கார் தனித்தனியாகப் பெங்களூர் போகும் கூட்டத்துக்கு இதுவே சிறந்தது. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். டவர் விழும் நாளுக்காக வாங்குகிறவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அது கைபேசிதான், உடுப்பு மட்டும் வேறு.

சரி, 446 என்று முடிவாகிவிட்டது, அதற்குள் எது? சேனல் எண்ணிக்கையில் ஏமாற வேண்டாம். இருப்பது 200 கிலோஹெர்ட்ஸ் இடம், 12.5 வீதம் 16 சேனல், அவ்வளவுதான். 'ஆயிரம் சேனல்' என்று போட்டிருந்தால் டோன்களையும் சேர்த்துப் பெருக்கியிருக்கிறார்கள். 'பிரைவசி கோட்' என்று விற்கப்படும் இந்த டோன், காதுக்குக் கேட்காத ஒரு தாழ்ந்த ஒலி. உங்கள் டோன் இல்லாத பேச்சை உங்கள் செட் வாய் மூடவைக்கும். உங்கள் பேச்சை அடுத்தவர் கேட்பதைத் தடுக்காது. நகை, பணம், வீட்டில் யாரும் இல்லை என்பதையெல்லாம் இதில் பேசக் கூடாது. டிஜிட்டல் செட் குரலைத் தெளிவாகத் தரும், ஆனால் எல்லாரிடமும் அதே வகை இருந்தால்தான். நண்பரின் சாதாரண செட்டோடு சேர்த்துப் பேச அனலாக் முறையும் உள்ளதையே வாங்க வேண்டும். மழைக்காலத்துக்காக வாங்குபவர் ஐபி67 என்ற குறியைத் தேடலாம். ஐபி54 தூறலுக்குத் தாங்கும், தண்ணீரில் விழுந்தால் போச்சு. பேட்டரிதான் பலர் கடைசியில் யோசிப்பது, முதலில் யோசித்திருக்க வேண்டியது. தனித் தொட்டிலில் மட்டும் சார்ஜ் ஏறும் செட், கரன்ட் இல்லாத மூன்றாம் நாளில் செங்கல்லுக்குச் சமம். யூஎஸ்பி வழியாகப் பவர் பேங்கிலிருந்து ஏற்ற முடிய வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் பென்சில் செல்லும் போடலாம் என்றால் இன்னும் நல்லது. கையை எடுக்காமல் பேசும் விஓஎக்ஸ் வசதியைப் பெரிதாகச் சொல்வார்கள். நெடுஞ்சாலைக் காற்றிலும் மேளச் சத்தத்திலும் அது தானாகத் திறந்துகொண்டு மற்ற எல்லாரையும் பேசவிடாமல் அடைத்துவிடும். சத்தம் மிகுந்த இடத்துக்கு இயர்போன் துளை உள்ளதா என்று பார்ப்பது பயனுள்ள கேள்வி.

ஜோடியாக வாங்குவதைவிட நான்காக வாங்குவது நல்லது. இரண்டு பேருக்குத்தான் என்றால் கைபேசியே போதும் என்று முன்பே பார்த்தோம். இதன் பயன் மூன்றாவது ஆளிலிருந்துதான் தொடங்குகிறது. வாங்கிய பிறகு ஒருவரை வீட்டு மாடியில் நிறுத்திவிட்டு, இன்னொருவர் கோயில் வரை, பள்ளிக்கூடம் வரை, நெடுஞ்சாலையின் மறுபக்கம் வரை பேசிக்கொண்டே நடந்து, எங்கே கரகரக்கிறது, எங்கே அறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். செட்டை இடுப்பில் செருகியபடி ஒரு தடவையும், முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து ஒரு தடவையும் பேசிப் பார்த்தால், உடம்பே எவ்வளவு சிக்னலைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும். அறுந்த இடங்கள் உங்களுக்குத் தேவையான இடங்களாகவே இருந்தால் கூடுதல் வாட்டைத் தேடிப் போகாமல், மாடியில் நிற்பவரை இன்னும் ஒரு மாடி ஏற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் முடியவில்லையென்றால் செட்டையே திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் இந்த நடையை முடித்துவிடுவது நல்லது.